வெள்ளகோவில் பிளேட்டு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத இந்த ஆள் என்னென்ன கட்டினான் என்று ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போகிறேன். எல்லோரும் தூக்கிப்போட்ட ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்து நானே கோத்த மைக்செட். கோயமுத்தூர் கணபதியில் தகரக் கொட்டகைக்குள் ஒரு லேத்தோடு ஆரம்பித்த பட்டறை. யாரும் சொல்லித் தராதபோது, எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்ட, செப்புக்கம்பியில் காயில் கட்டுகிற தொழில். 'இவனுக்கா பொண்ணு கொடுப்பது' என்று கேட்ட மாமனாருக்கே பிற்பாடு கட்டிக்கொடுத்த வீடு. போத்தனூர் ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஜன்னல் கண்ணாடியை நடுங்கவைத்த ஸ்பீக்கர் பெட்டிகள்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் ஊர் மறந்துவிட்டது. மறந்ததா, மறக்கவைத்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

சென்ற வாரம் இந்தத் தொடரில், பட்டறைக்குக் கரண்ட் வாங்க நான் பட்ட பாட்டில் நிறுத்தியிருந்தேன். அது காத்திருக்கட்டும். நடுவில் ஒரு சமாச்சாரம் நடந்துவிட்டது. அதே போத்தனூர் ஹாலில் இளவட்டங்கள் சேர்ந்து சோல் என்கிற அமெரிக்கப் பாட்டைப் போட்டு ஆடுகிற பழைய ஞாயிறு மத்தியானத்தைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் ஒரு போர்டு. 'தொடங்கியவர்: ஆரோக்கியம். வெள்ளகோவில் பாட்டைக் கண்டெடுத்தவர்: யூசுப் பாய். ஒலி உதவி: மைக்செட்.'

அவ்வளவுதான். மைக்செட் என்று யாராவது பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? எனக்குச் சுப்பிரமணியம் என்று ஒரு பெயர் இருக்கிறது.

பை மடியில், பாட்டு உள்ளே

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு. பங்குனி வெயில். ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தேன். மடியில் துணிப்பை. அதற்குள் ஒரு இசைத்தட்டு; பிளேட்டு என்றுதான் நாங்கள் சொல்வோம். அந்தப் பையை நான் கீழே வைப்பதில்லை. சாப்பிடும்போதும் மடியில்தான்.

உள்ளே பாட்டு மாறியது. முதலில் டிரம் மட்டும், யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுகிற மாதிரி. அப்புறம் கூட்டமாக ஊதுகிற கொம்புகள். அப்புறம் அந்தப் பொம்பிளையின் குரல். அழுகைக்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பார்கள் அல்லவா, அந்த மூச்சோடு ஆரம்பிப்பாள்.

என் பாட்டு. சனங்கள் 'வெள்ளகோவில் போடுங்க, வெள்ளகோவில் போடுங்க' என்று கேட்கிற பாட்டு. இந்தத் தேசத்திலேயே என் ஒருவனிடம்தான் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லிவந்த பாட்டு.

பைக்குள் கையை விட்டேன். பிளேட்டு இருந்தது. உறை இருந்தது. உறையின் ஓரத்தில் நான் ஒட்டிய டேப் இருந்தது. உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

கரும்புச்சாறு டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

எலி கடித்த பிளேட்டு

மைக்செட்காரனுக்கும் அமெரிக்கப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அதற்குப் பல வருடங்களுக்கு முன்னால், போத்தனூரில் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்கு என் செட்டு போயிருந்தது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த ஆரோக்கியம் சின்ன பிளேட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவர் அண்ணன் கப்பலில் சமையல்காரர். அமெரிக்காத் துறைமுகத்தில் வாங்கி வந்ததாம்.

"ஏனுங்க, இதை உங்க மிஷின்ல போட முடியுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். நம் பிளேட்டுகளுக்கு நடு ஓட்டை விரல் நுழையாத அளவில் இருக்கும். இதில் ஒரு எலுமிச்சம்பழமே நுழையும்போல் இருந்தது.

"நடுவுல என்னங்க இப்படி? எலி கடிச்சுப்போட்டுதுங்களா?"

"அந்த ஊர்ல அப்படித்தானுங்க. அதுக்கு ஒரு குமிழ் வேணுமாமா. எங்கண்ணன் அதை வாங்க மறந்துட்டாரு."

அன்றைக்கே பட்டறைக்குப் போய் அலுமினியத்தில் ஒரு குமிழ் கடைந்தேன். அளவு எடுக்கக் கருவி கிடையாது. கட்டைவிரல்தான் அளவு. திரும்பி வந்து ஓட்டையில் பொருத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. கோயமுத்தூரில் அந்தக் குமிழை முதலில் கடைந்த ஆள் நான்தான். இல்லை என்கிறவர்கள் பட்டறைக்கு வந்து பேசட்டும்.

முள் இறங்கியது. ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் கைமயிர் எல்லாம் நின்றது. தேருக்கு முன்னால் பம்பை அடிக்கும்போது வருமே, அது வந்தது.

"இதுக்குப் பேரு சோலுங்க" என்றார் ஆரோக்கியம். "அந்த ஊர்க் கறுப்பு சனங்க கோயில்ல பாடுற மாதிரியே காதலையும் பாடுறாங்க."

"சாமிகிட்ட அழுகுற மாதிரியே பொண்ணுகிட்டயும் அழுகுறாங்களாக்கும்?"

"அதேதானுங்க."

அங்கே பிடித்தது. ஆரோக்கியம் ஹாலைப் பிடித்தார். நான் ஸ்பீக்கரைக் கட்டினேன். பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்த பிறகு சனம் வரும். ரயில்வே குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பங்கள், மில்லில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள். தரை வழுக்க வேண்டும் என்பதற்காகக் கேரம்போர்டு பவுடரைத் தூவுவோம். அந்தப் பவுடர் வாசனையும் வேர்வையும் சேர்ந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

கோட்டைமேட்டில் தையல்கடை வைத்திருந்த யூசுப் பாய், காலைச் சுழற்றினால் விசிறிபோல் விரிகிற பேண்ட் தைத்துக் கொடுப்பார். தானும் ஒன்று போட்டுக்கொண்டு ஆடுவார். அந்த மனுஷன் நின்ற இடத்தில் சுற்றினால் பம்பரம் தோற்றுப்போகும். அதில் எனக்குப் பொறாமை இல்லை. அவர் பிளேட்டு சேர்க்க ஆரம்பித்ததில்தான் எனக்குச் சந்தேகம்.

லேபிளை மூடுகிற வழக்கம்

எல்லோரும் கேசட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பிளேட்டுகளைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டார்கள். உக்கடம் குடோன்களில் குந்தி உட்கார்ந்து தேடுவோம். கை கறுத்துப்போகும். குவியலில் ஒன்று தேறினால் பெரிது.

தேறியதைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. அது நான் மைக்செட்டில் கற்றது. ஒரே ஊரில் இரண்டு கல்யாணம் என்றால் இரண்டு மைக்செட் மோதும். எவனிடம் புதுப் பாட்டு இருக்கிறதோ அவனைத்தான் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிடுவார்கள். பந்தலில் உட்கார்ந்திருக்கிற எதிராளி பிளேட்டின் நடுவில் இருக்கிற பெயரைப் படித்துவிட்டால் போச்சு. அதனால் நாள்காட்டித் தாளைக் கிழித்து, மைதாப்பசை தடவி லேபிள்மேல் ஒட்டிவிடுவேன். பாட்டு காதுக்கு. பெயர் எனக்கு மட்டும்.

இதைப் போத்தனூருக்குக் கொண்டுவந்தவன் நான். பாய் பார்த்துவிட்டு, பேண்டுக்கு உள்ளே தைக்கிற லைனிங் துணியை வட்டமாக வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். பாட்டுகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். சனமும் அதைச் சொல்லியே கேட்டார்கள். 'பாய், அந்தச் செவப்புத் துணியைப் போடுங்க' என்பார்கள்.

சீமையிலும் சோல் பிளேட்டுக்காரர்கள் இப்படித்தான் லேபிளை மூடுவார்களாம். ஆரோக்கியம் பிற்பாடு ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டுச் சொன்னார். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனைமலையில் எடுத்தது

வெள்ளகோவில் பிளேட்டை நான் வெள்ளகோவிலில் எடுக்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் முடிச்சு.

மாசாணியம்மனைக் கும்பிட ஆனைமலைக்குப் போயிருந்தோம். என் சம்சாரம் சரசு கோயிலுக்குள் இருந்தாள். திருட்டுக் கொடுத்தவர்கள் அங்கே கல்லில் மிளகாய் அரைத்து ஆத்தாமேல் பூசுவார்கள். எடுத்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்று நம்பிக்கை. அந்தக் காரம் வாசல்வரை வந்து எனக்குத் தும்மல் எடுத்தது. ஒதுங்கி ஒரு சந்துக்குள் போனேன். அங்கே ஒரு வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டியை வெயிலில் காயவைத்திருந்தார்கள். மலைமேல் எஸ்டேட் கிளப்பில் பட்லராக இருந்தவர் வீடு. கிளப்பில் வேண்டாம் என்று கொடுத்த பிளேட்டுகள், கரையான் மண்ணோடு.

அதில் ஒன்று பெரிய ஓட்டை.

ஆரோக்கியத்திடம் கொண்டுபோனேன். ஆங்கில எழுத்து எனக்கு ஒத்துவராது. அவர்தான் லேபிளைப் படித்துச் சொன்னார். எங்கே எடுத்தேன் என்று அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். அன்றைக்கே தாள் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்று கேட்டார்கள். அப்புறம் ஆடினார்கள் பாருங்கள், பவுடர் புகைபோல் எழுந்தது. முடிந்ததும் பாய் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, இதை எங்கீங்க புடிச்சீங்க?"

"வெள்ளகோவில் ஊர்லீங்க."

வாயில் வந்த ஊர் அது. முருங்கைக்காயும் கடலெண்ணெயும் வாங்கப் போகிற ஊரில் எவன் அமெரிக்கப் பிளேட்டைத் தேடப்போகிறான்? போனாலும் வெயிலில் அலையட்டும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து பாட்டுக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது.

மேலே பார்த்த ஆள்

இப்போது கரும்புச்சாறு குடித்த ஞாயிற்றுக்கு வருகிறேன்.

உள்ளே போனேன். சனம் ஆடிக்கொண்டிருந்தது. மிஷின் பக்கத்தில் பாய். சுற்றிக்கொண்டிருந்த பிளேட்டின் நடுவில் துணி இல்லை. தாள் இல்லை. லேபிளே இல்லை. வெறும் கறுப்பு. சுரண்டி எடுத்திருக்கிறார், நம்மையே மிஞ்சிவிட்டார் என்று நினைத்தேன். இன்னொன்றையும் பார்த்தேன். பிளேட்டு சுற்றியது நான் கடைந்த குமிழின்மேல்.

அதைவிட மோசம், பாட்டு என்னுடையதைவிடச் சுத்தமாகக் கேட்டது. என் பிளேட்டில் இருக்கிற கரகரப்பு அதில் இல்லை.

"பாய், நிறுத்துங்க."

"முடியட்டுங்கண்ணா. சனம் ஆடிட்டிருக்குது."

"எங்கீங்க புடிச்சீங்க?"

"உங்க வெள்ளகோவில்லதானுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு ஊசி மாதிரி இறங்கியது. நான் சொன்ன பொய் தெரிந்துபோய், அதையே எடுத்து என் முகத்தில் அடிக்கிறார். பொய் என்று தெரிந்தது ஒரே ஆளுக்கு. திரும்பி ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது போதும். பாட்டு முடிகிறவரைகூடப் பொறுக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர் பெட்டிகளைக் கழற்றி டெம்போவில் ஏற்றினேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்தபடி நின்றார்கள்.

"சுப்பண்ணா, இது ஞாயமில்லீங்க" என்றார் ஆரோக்கியம்.

"ஞாயத்தை உங்க ஃபேனுகிட்டக் கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் ஹால் பூட்டிக் கிடந்தது. வேறு செட்டு வைத்துப் பார்த்தார்களாம். தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரி இருந்ததாம். எனக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன செய்வது என்று தெரியாமல் ஊட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"சரசு, நாளைக்கு ஆனைமலை போலாம். மொளகாய் அரைக்கோணும்."

"ஆரு பேருலீங்க?"

"ஆரோக்கியம் பேருல."

"அவரு மாதாவைக் கும்புடுறவரு. நம்ம ஆத்தாளோட காரம் அவருக்கு ஏறுமுங்களா?" என்று சிரித்தாள். "அதுவுமில்லாம, ஆளு அவருதான்னு உங்களுக்கு ஆரு சொன்னது? தப்பான பேருல அரைச்சா அரைச்சவனுக்கே எரியுமாமுங்க. பாத்துக்கங்க."

அந்த வார்த்தையில் கொஞ்சம் நிதானித்தேன்.

கரண்டிக் காம்பு

ஒருநாள் ஆரோக்கியமே பட்டறைக்கு வந்தார். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாமலேயே பேசினேன்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க சுப்பண்ணா."

"அப்பறம் எதுக்குங்க மேல பாத்தீங்க?"

"பாயி வெள்ளகோவில்னு சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. சிரிச்சுப்போட்டேன்னா உங்க பொய் வெளிய வந்துரும். அதுனாலதான் ஃபேனைப் பாத்தேன்."

"நம்பறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

"நம்பாதீங்க. பஸ் ஏறிப் போயி நீங்களே பாத்துட்டு வாங்க. பாயி புடிச்சது ஒரு எண்ணெய்க் கடையிலயாமா. கடைக்காரரு முந்தி டூரிங் டாக்கீஸ் வெச்சிருந்தவராமா."

அவரைப் பொய்யன் என்று நிரூபிக்கத்தான் பல்லடம் வழியாகப் பஸ் ஏறினேன். வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கேட்டேன். டாக்கீஸ்காரர் கடையைக் கைகாட்டினார்கள்.

செக்கு எண்ணெய் வாசனை தெருமுனையிலேயே அடித்தது. உள்ளே வரிசையாக மண்ஜாடிகள். ஒவ்வொன்றின் மேலும் புத்தம்புது எவர்சில்வர் மூடி பளபளத்தது. கடைசி ஜாடியின் மேல் மட்டும் மூடி கறுப்பாக இருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன். பிளேட்டு. பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எண்ணெய் மொள்ளுகிற கரண்டியின் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் பெரியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"இடைவேளைக்குப் போடுறதுக்குன்னு கோயமுத்தூர்ல ஏலத்துல எடுத்ததுங்க. ஓட்டை பெருசு. எங்க மிஷின்ல ஒக்காரவே இல்லை. ஒருநாக்கூடப் பாடலை. ஆனா சாடிக்கு மூடி போட்டா, கரண்டி நிக்கறதுக்கு அத்தனை வசதிங்க."

"இந்தப் புது மூடியெல்லாம்?"

"அது ஒரு தையக்காரப் பாயிங்க. வாராவாரம் வந்து கடைகடையா ஏறி எறங்குனாரு. பழைய பிளேட்டு இருக்குதான்னு. சுப்பண்ணன் இந்த ஊர்லதான் புடிச்சாராம், அவரு பொய் சொல்ற ஆளில்லைன்னாரு. அந்தச் சுப்பண்ணன் ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க. கடைசில இங்க வந்து நின்னு பாத்துட்டு, அழுகாத குறை. எவர்சில்வர் மூடி வாங்கிக் குடுத்துட்டு என்னோட பிளேட்டு மூடியெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாரு. ஒண்ணு மட்டும் விரிசல்னு உட்டுட்டாரு."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். 'மோர் குடிக்கறீங்களா' என்று கேட்டார். குடித்தேன்.

'பொய் சொல்ற ஆளில்லை' என்றாராம். யூசுப் பாய் என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பஸ்ஸில் வருகிறபோது நூறு தடவை திருப்பிப் பார்த்தேன். அதற்குள்ளும் ஏதாவது கேலி ஒளிந்திருக்கிறதா என்று.

அரப்பு

ஊட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோட்டைமேடு. பாய் கத்திரியும் கையுமாக இருந்தார். "பிளேட்டைக் காட்டுங்க" என்றேன். எடுத்துக்கொடுத்தார். மூக்குக்கிட்டக் கொண்டுபோனேன். கடலெண்ணெய். நடுவில் வெறுமை.

"லேபிளை எதுக்குங்க சொரண்டுனீங்க?"

"நான் எங்கீங்க சொரண்டுனேன்? எண்ணெய்ப் பிசுக்கு போகோணுமில்லீங்க, தலைக்குத் தேய்க்கற அரப்புத்தூள் போட்டுத் தேச்சேன். லேபிளும் சேந்து போயிருச்சு." தலையில் கை வைத்துக்கொண்டார். "பாட்டுக்குப் பேரு என்னன்னே எனக்குத் தெரியாதுங்கண்ணா. ஆரோக்கியத்துகிட்டக் கேட்டேன். 'அது சுப்பண்ணன் பிளேட்டு, அவருகிட்டக் கேளுங்க'ன்னுட்டாரு. நீங்களாச்சும் சொல்லுங்க."

ஆரோக்கியம் சொல்லவில்லை. எங்கே எடுத்தது என்பதையும் சொல்லவில்லை, பெயரையும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு டெம்போவில் பெட்டிகளைக் கொண்டுபோய் ஹாலில் இறக்கினேன். ஆரோக்கியம் வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் பட்டறையில் கடைந்த இன்னொரு குமிழை அவர் கையில் வைத்தேன். இரண்டு மிஷின், இரண்டு குமிழ், இரண்டு பிளேட்டு. என் பிளேட்டு முடிகிற நொடியில் பாயின் பிளேட்டு முதலிலிருந்து பிடித்துக்கொள்ளும். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது என்று சனம் குறைப்பட்ட பாட்டு அன்றைக்கு முடியவே இல்லை. பாய் சுற்றிய சுற்றில் பேண்ட்டின் தையல் விட்டுப்போனது. இரண்டு பிளேட்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிற யோசனையும் என்னுடையதுதான்.

வீட்டுக்கு வந்து சரசுவிடம் நடந்ததைச் சொன்னேன். பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப, பாயிக்கு வெள்ளகோவில்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானுங்களா?"

"ஆமா."

"நல்லவேளை. அன்னிக்கு மொளகாய் அரைச்சிருந்தீங்கன்னா இன்னிக்கு உங்களைத்தான் தண்ணித் தொட்டியில போட்டு வெச்சிருக்கோணும்."

போர்டை மாற்றுங்கள்

ஆரோக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டார். பாட்டின் பெயரைப் பற்றிக் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. பாய் இருக்கிறார். முழங்கால் வலியோடு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தாளம் போடுகிறார். 'அண்ணன் பேரைப் போடச் சொன்னேனுங்க, பசங்கதான் உட்டுட்டாங்க' என்று என் காதில் சொன்னார். பாதி நம்புகிறேன்.

இப்போது ஹாலில் பாடுவது அவருடைய பிளேட்டு. பாட்டின் பெயர் என்ன, பாடியவள் யார் என்று அந்த இளவட்டங்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் போன் செய்து, "தாத்தா, லேபிள்ல என்னங்க எழுதியிருந்துச்சு?" என்று தேனாகப் பேசிக் கேட்டாள். யார் கேட்கச் சொன்னார்கள் என்று கேட்டேன். போன் கட்டாகிவிட்டது.

ஆகவே இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு நேராகவே சொல்கிறேன்.

ஆனைமலைப் பிளேட்டை எடுத்தது என் கை. வெள்ளகோவில் பிளேட்டை எடுத்தது என் வாய். நான் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால், பாய் அங்கே போயிருக்க மாட்டார். அந்தப் பிளேட்டு இன்றைக்கும் எண்ணெய்ச் சாடிமேல் கரண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கும். அவர் எடுத்து வந்த பிறகும் அதைப் பாடவைத்தது நான் கடைந்த குமிழ். பாய் பஸ்ஸில் அலைந்தார், அதை மறுக்கவில்லை. அவர் பெயரும் இருக்கட்டும். ஆரோக்கியத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும்.

ஆனால் 'ஒலி உதவி' என்பதை அழியுங்கள். 'இரண்டு பிளேட்டையும் கொண்டுவந்தவர்: கணபதி சுப்பிரமணியம்' என்று எழுதுங்கள். பெயிண்ட் காயட்டும். நானே வந்து பார்க்கிறேன்.

என் பிளேட்டு அதே துணிப்பையில் இருக்கிறது. நாள்காட்டித் தாள் அதன்மேல் ஒட்டியபடியே இருக்கிறது. போர்டைப் படித்துவிட்டு, அந்த ஹாலில் உங்கள் எல்லோர் முன்னாலும் வைத்துத் தண்ணீர் தொட்டு அதை உரிக்கிறேன். அதுவரை அவள் பெயர் என்னோடுதான்.